சந்தூக்கு திரும்பாத பாலம்

1

ஷார்ஜாவில் என் வேலை ரோட்டை மூடுவது. திருநெல்வேலியில் யாராவது விசாரித்தால் என் மைமூன் லாத்தா, "தம்பி ரோடு கம்பெனியில இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கூடப்பிறந்த அக்காவுக்கே அதற்கு மேல் சொல்ல வாய் வராது. ரோட்டை மூடுவதற்கென்று ஒரு ஆளை விமானம் ஏற்றிக் கூட்டிப்போய்ச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான். குழாய் பதிக்க வேண்டும், மேம்பாலத்துக்குத் தூண் எழுப்ப வேண்டும் என்றால் முதலில் நான் போக வேண்டும். பலகையை எங்கே வைப்பது, கூம்புகளை எங்கிருந்து அடுக்குவது, வண்டிகளை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது எல்லாவற்றையும் படமாகப் போட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ஒரு கடப்பாரை தரையில் இறங்கும். நடந்து போகிறவனுக்கு வழி காட்டாத படம் என்றால் ஒப்புதல் கிடைக்காது. திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன வாரம் உம்மா இறந்த மூன்றாம் ஆண்டு. காலையில் கபுரடிக்கு, அவளை அடக்கிய இடத்துக்கு, போய் யாசீன் ஓதி, துஆ செய்துவிட்டு வந்து வீட்டில் சோறு ஆக்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் இங்கே சைட்டில், வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கபுரடியில் லாத்தாவின் மாப்பிள்ளை காசிம் மச்சானும் ஆலிம்சாவும் நிற்கிறார்கள். வாப்பாவைக் காணோம்.

"வாப்பா எங்கன மச்சான்?"

"ஆட்டோல வாராவ. திரும்புற எடத்துல மாட்டிக்கிட்டாவளாம். வண்டி நவுரலையாம்."

மச்சான் போனை ரோட்டுப் பக்கம் திருப்பிக் காட்டினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு தெரிகிறது. மாடியில் காய்கிற துணிகூடத் தெரிகிறது. அங்கிருந்து இங்கே வர வாப்பா ஆட்டோ பிடித்து, ஊருக்கு வெளியே போய்த் திரும்பி, நெரிசலில் கிடந்து, ஓதி முடித்து ஆலிம்சா கிளம்பிப்போன பிறகு வந்து சேர்ந்தார். இறங்கியதும், "ஓதிட்டியளா?" என்று கேட்டார். மச்சான் தலையை ஆட்டினார். வாப்பா தனியாகக் கபுரடியில் உட்கார்ந்துகொண்டார். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

2

தூத்துக்குடி பஸ்ஸில் போகும்போது எங்கள் முகல்லாவை, பள்ளிவாசலைச் சுற்றிய எங்கள் தெருக்களை, நீங்கள் கடந்திருப்பீர்கள். முன்பெல்லாம் கடந்தது தெரியும். பஸ் அங்கே ஊர்ந்துதான் போகும். டிரைவர் ஜன்னல் வழியாகவே அசன் மாமா கடையில் டீ வாங்கிக் குடித்து கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ரோட்டுக்கு வடக்கே எங்கள் வீடுகள், தெற்கே பள்ளிவாசலும் கபுருஸ்தானும். ரோட்டு நடுச்சுவரில் கடந்து போக ஒரு திறப்பு. பாங்கு கேட்ட பிறகு வீட்டை விட்டு இறங்கினால்கூட முதல் வரிசையில் நின்று தொழலாம்.

அந்த ரோடு நல்ல ரோடாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வாப்பா ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக் கேரளாவுக்கு லாரி ஓட்டியவர். நம் ஊரைத் தாண்டுவதற்குள் தார் பழுத்துவிடும் என்று ஆயுசு முழுக்கத் திட்டிக்கொண்டே ஓட்டியவர். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், மேம்பாலம் வருகிறது, சிக்னலே இருக்காது என்று கேள்விப்பட்டதும் தெருவில் அதிகம் சந்தோஷப்பட்டது அவர்தான். "இனிமே வண்டி வண்டி மாதிரி போவும்லே" என்றார் போனில். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் தொழில் நம் ஊருக்கே வந்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமைகூட.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் அந்தத் திறப்பு வழியாக ஜும்ஆவுக்குப் போனார்கள். தொழுதுவிட்டு வெளியே வந்தால் திறப்பைக் காணோம். கிரேன் வைத்து இடுப்பளவு கான்கிரீட் கட்டைகளை இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். "பயான இன்னும் கொஞ்சம் சுருக்கியிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம்லா" என்று, பிரசங்கத்தை நீட்டிய ஆலிம்சாவைக் கேலி செய்தார்களாம். பெரிய மனிதர்கள் எல்லாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டை ஏறிக் குதித்த அழகை வாப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு தொழில் புத்தி வந்தது.

"மாத்து வழிக்குப் பலகை ஏதும் வச்சிருக்காங்களா வாப்பா?"

"பலகையா? அது எதுக்குலே?"

இங்கே ஒரு சின்னக் குழிக்கு நான் வைக்கிற பலகைகளை நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ரோடு மாறித்தான் போனது. பஸ்கள் மேம்பாலத்தில் ஏறிப் போய்விடுகின்றன, எங்கள் பக்கம் நிற்பதில்லை. கீழே வருகிற வண்டிகள் தடையில்லாத ரோட்டைப் பார்த்ததும் பறக்கின்றன. முன்பு தெருத்தெருவாகச் சிதறிக் கிடந்த நெரிசல் மொத்தமும் இப்போது ஊர்க்கோடியில் வண்டிகள் திரும்புகிற அந்த ஒரே இடத்தில் போய்க் குவிந்துவிட்டது. அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் எதிர்த்திசையில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள், பின்னால் பெண்டாட்டி, முன்னால் பிள்ளை. ரோட்டை அகலமாக்கினால் நெரிசல் தீரும் என்று நம்புகிறவர்களை நான் ஷார்ஜாவிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அகலமாக்கிய ரோடு இங்கேயும் நிரம்பிவிடுகிறது, மறுபடியும் அகலமாக்கச் சொல்லி எங்களிடமே வருகிறார்கள். எங்களுக்குப் பிழைப்பு.

3

பள்ளிவாசலில் கூட்டம் போட்டார்கள். மனுக் கொடுத்தார்கள். ஒரு அதிகாரி நேரிலேயே வந்து பார்த்தாராம். நல்ல மனிதர் என்று மச்சான் சொன்னார். திறப்பை மறுபடி விட முடியாது, வேகமாக வருகிற வண்டிக்கு ஆபத்து. சுரங்கப்பாதை அல்லது நடைமேம்பாலம், இரண்டில் ஒன்றை நீங்களே பேசி முடிவு செய்து சொல்லுங்கள் என்றாராம். இப்படி யாரும் கேட்டதில்லை. ஜமாஅத்துக்குத் தலைகால் புரியவில்லை.

சுரங்கப்பாதை வேண்டாம் என்று உடனே முடிவாகிவிட்டது. தாமிரபரணி பெருகித் தெருவுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் அல்லவா? "மழ வந்தா அதுல எறங்கி மீனுதான் புடிக்கணும்" என்றார்களாம். பாலத்துக்கு எல்லாவற்றையும் யோசித்தார்கள். பெண்கள் பயமில்லாமல் போக விளக்கு, வெயிலுக்குக் கூரை, வயசாளிகளுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, மூச்சு வாங்கினால் நிற்பதற்குப் படிகளின் பாதியில் ஒரு மேடை, அங்கிருந்து திரும்பி மேலே ஏறுகிற மாதிரி. கேட்டதெல்லாம் கிடைத்தது.

கூட்டம் நடந்தது பள்ளிவாசல் தாழ்வாரத்தில். அந்தத் தாழ்வாரத்தின் ஓரத்தில்தான் சந்தூக்கு இருக்கும். மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, கிடத்திச் சுமந்து போகிற நீளமான மரப்பெட்டியை அப்படித்தான் சொல்வோம். அதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்து பேசினார்கள். நடந்து போகிறவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தார்கள், சுமந்து கொண்டுபோகப்படுகிறவரை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

எங்களில் மையித்தை வண்டியில் ஏற்றுவதில்லை. வீட்டு வாசலில் தூக்கினால் பள்ளிவாசல் வரைக்கும் தோள்தான். நாலு எட்டு சுமந்தவர் ஒதுங்கிக்கொள்வார், அடுத்தவர் தோள் கொடுப்பார். வழியில் போகிற முகம் தெரியாதவர்கூட ஓடிவந்து கொஞ்ச தூரம் சுமந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். அது நன்மை. உம்மா அப்படித்தான் போனாள். அப்போது திறப்பு இருந்தது. பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் கீழே இறங்கி நின்றாராம், நெற்றியில் திருநீறோடு. வாப்பா அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் விமானத்தில் இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கபுரை மூடித் தண்ணீர் தெளித்து, அதுவும் காய்ந்திருந்தது.

4

பாலம் வந்த பிறகு முதலில் மௌத்தானது டீக்கடை அசன் மாமா. வாப்பாவின் கூட்டாளி. அன்று சாயந்திரம் வாப்பா என்னைக் கூப்பிட்டார். சாதாரணமாக நான்தான் கூப்பிடுவேன்.

"படியில ஏறிட்டோம்லே. பாதியில ஒரு மேடை இருக்குல்லா, அங்கன போயி நின்னுட்டு. சந்தூக்கு நீளம், எடம் குட்டை. முன்ன நிக்கவன் செவுத்துல முட்டுதான், பின்ன நிக்கவன் கைப்பிடியில முட்டுதான். செங்குத்தா நிமித்திப் புடிச்சுத் திருப்பிருவோம்ங்கான் ஒருத்தன். மையித்த நிமித்தலாமாலே?"

"பொறவு?"

"பொறவு என்ன, வந்த வழியே பின்னாலயே எறங்கினோம். ஒவ்வொரு படியா. அப்புறம் கட்டைக்கு மேல தூக்கிக் குடுத்துருவோம்னு ரோட்டுக்குப் போனோம். ரோட்ட மறிக்க ஆளு வேணும், தூக்க ஆளு வேணும், அந்தப் பக்கம் வாங்க ஆளு வேணும். ஆளு எங்கன இருக்கு? எல்லாம் என்னய மாதிரி கெழடுக. எளவட்டம் பூராம் ஒங்க பக்கம்லா கெடக்கு. ஒரு டேங்கர்காரன் பக்கத்துல வந்து பிரேக் போட்டாம் பாரு, அந்தச் சத்தத்துல பொட்டி ஒரு பக்கமா சரிஞ்சிட்டு. அல்லாதான் காப்பாத்துனான்."

கடைசியில் வேறொரு ஜமாஅத்திலிருந்து மையித்து வண்டியை வரவழைத்தார்கள். அசன் மாமா வேனில் ஏறி, ஊர்க்கோடி வரைக்கும் போய், நெரிசலில் நின்று, திரும்பி, வீட்டுக்கு எதிரே இருக்கிற பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்தார். "அசன் கடேசியா ஊரச் சுத்திப் பாத்துட்டுத்தாம்லே போனான்" என்று வாப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"ஏலே, என்னய வண்டியில ஏத்தாதிய. ஆயுசு பூரா வண்டியிலயே போயிட்டேன். கடேசியா ஒரு தடவ மனுசங்க தோள்ல போறேன். ஒம் மச்சான்ட்டயும் சொல்லிட்டேன். ஒன்ட்டயும் சொல்லுதேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு வாப்பா?"

"இப்பச் சொல்லாம எப்பச் சொல்ல?"

5

அந்த வாரமே உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். நடுச்சுவரில் பூட்டுப் போட்ட, திறந்து மூடுகிற ஒரு கதவு. ஜனாஸா ஊர்வலம் வருகிற போது மட்டும் ஜமாஅத் சாவியை எடுத்துத் திறக்கும். இரண்டு பக்கமும் தள்ளி முன்னெச்சரிக்கைப் பலகை, கூம்புகள், சிவப்புக் கொடியோடு ஆட்கள். வண்டிகள் கொஞ்ச நேரம் நின்றால் போதும். இங்கே இதைவிடச் சிக்கலான படங்களுக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். ஒரு கேபிள் இழுப்பதற்காகப் பெரிய பெரிய கார்களை எல்லாம் வெயிலில் காத்திருக்க வைத்திருக்கிறேன். ஒருவரும் ஹாரன் அடித்ததில்லை.

மச்சான் படத்தை எடுத்துக்கொண்டு அலைந்தார். அந்த நல்ல அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் படத்தை வாங்கிப் பார்த்து, "ரொம்ப நல்லாப் போட்டிருக்கார், யாரு போட்டது?" என்று கேட்டாராம். அப்புறம், நீங்கள் பாலம் கேட்டீர்கள், கொடுத்தாயிற்று, வேலை முடிந்ததென்று கணக்கும் முடித்தாயிற்று, இனி தனியாகத் திட்டம் போட்டு மேலே எழுதித்தான் ஆக வேண்டும் என்றாராம். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மேலே எழுதியிருக்கிறார்கள். மேலே என்பது எங்கே என்று மச்சானுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் என் சைட்டில் ஒரு பெங்காலித் தொழிலாளி தடுப்பு வேலியைத் தாண்டிக் குதித்தான். பிற்பகல், அசர் தொழுகை நேரம். நான் போய் மறித்தேன். நடந்து போகிறவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்த வழி பெரிய சுற்று, அந்த வெயிலில் யாருக்கும் குதிக்கத்தான் தோன்றும். அவன் எதிரே இருந்த பள்ளிவாசலைக் கையால் காட்டினான். ஆய்வுக்கு வந்திருந்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவனைத் திருப்பி அனுப்பினேன். வேறு என்ன செய்ய முடியும்? அவன் தொழுகைக்குப் போய்ச் சேர்ந்தானோ என்னமோ.

வீட்டில் என் பெண் ஆயிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவள், ஊரை லீவில் பார்த்திருக்கிறாள். போனில் மேப்பைத் திறந்து வாப்பிச்சா வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு வழி கேட்டாள். தாத்தாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வாப்பா, நடந்து போனா பாலத்துல ஏறச் சொல்லுது. கார்ல போனா ரொம்ப லாங்கா சுத்தச் சொல்லுது. வாப்பிச்சாவ வேன்ல கொண்டு போனா என்ன ப்ராப்ளம்? இங்க எல்லாரையும் அப்படித்தானே கொண்டு போறாங்க?"

"இங்கன அப்படி. அங்கன தோள்லதான்."

"ஏன்?"

நான் ஏதேதோ சொன்னேன். நன்மை என்றேன், மரியாதை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. அவளுக்குப் புரிய வைக்கிற தமிழ் என்னிடம் இல்லை, புரிந்துகொள்கிற ஊர் அவளிடம் இல்லை. "ஓகே வாப்பா" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

6

வடக்குப் பக்கத்திலேயே, எங்கள் தெருவிலிருந்து உள்ளே தள்ளி இன்னொரு பள்ளிவாசல் இருக்கிறது. வாப்பா பிறந்து வளர்ந்த முகல்லா. அங்கேயும் கபுருஸ்தான் உண்டு. ரோட்டைக் கடக்கவே வேண்டாம், சந்து வழியாகத் தோளிலேயே கொண்டுபோய்விடலாம். பேசி இடமும் வாங்கலாம் என்று மச்சான்தான் யோசனை சொன்னார். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். லாத்தா போனைப் பிடுங்கிக் கத்தினாள்.

"உம்மா பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்கு. அங்கன அவ தனியா கெடக்கணுமா? நீங்க ரெண்டு பேரும் சேந்து வாப்பாவ வேற எடத்துல கொண்டு போடுவியளோ? நீ அங்கன உக்காந்துக்கிட்டு ரோடு போடுத வேலையப் பாரு."

அழுதுவிட்டாள். தோளில் போனால் உம்மாவை விட்டுத் தள்ளிப் படுக்க வேண்டும். உம்மாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்றால் வேனில்தான் போக வேண்டும். உயிரோடு நடமாடுகிற ஒரு மனிதரிடம் இதில் எது வேண்டும் என்று யார் போய்க் கேட்பது? நாங்கள் மூன்று பேரும் போனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தினோம். இங்கிருந்து நான் வாப்பாவிடம் மருந்து சாப்பிட்டீர்களா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

உம்மாவின் ஆண்டு முடிந்த மறுநாள் வாப்பாவே கூப்பிட்டார்.

"ஏலே, வேலையா இருக்கியா?"

"இல்ல வாப்பா, சொல்லுங்க."

"ஒங்க லாத்தா அழுதால்லா. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. நான் ரோசிச்சுப் பாத்துட்டேன். வண்டியிலயே கொண்டு போங்க."

வாப்பாவே தொடர்ந்தார்.

"அந்தப் பள்ளியில எடம் இருக்குது, தோள்ல போவலாம், சரி. நாலு எட்டு தோள்ல போறதுக்காவ காலம் பூராவும் ஒங்க உம்மாவ விட்டுத் தள்ளிக் கெடக்கணுமே. நேத்து அவ கபுரடியில தனியா உக்காந்து இருந்தேம் பாத்தியா, அப்பத்தான் தோணுச்சு. ஓதினது தப்பிப்போச்சு, பரவாயில்ல. இதுவும் தப்பிப்போவக் கூடாது."

"வாப்பா, மேல எழுதியிருக்காங்க. கதவு வந்துரும்."

"வரும் வரும்" என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது.

"அந்த மையித்து வண்டிய இன்னைக்குப் போயி பாத்துட்டு வந்தேன். டயரு நல்லா இருக்குது. ஸ்பிரிங்குதான் சரியில்ல, தூக்கித் தூக்கிப் போடும். ஓட்டுத பய சின்னப் பய, பைய ஓட்டுன்னு அவன்ட்ட நானே சொல்லிட்டேன். அவன் என்னய ஒரு மாதிரி பாத்தான்." இதற்கு மட்டும் உண்மையாகவே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள ரெண்டு பக்கமும் பெஞ்சு போட்டிருக்குது. திரும்புற எடத்துல சந்தூக்கு நவுரும்லே. யாராவது உக்காந்து கைய வச்சு அண்டக் குடுக்கணும். நீ உக்காந்துக்கோ."

எங்களில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. காலையில் மௌத்தானால் சாயந்திரத்துக்குள் அடக்கம் முடிந்துவிடும். செய்தி வந்து, அவசர விடுப்புக்கு மேனேஜர் சம்மதித்து, திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் கிடைத்து, இறங்கி, நாகர்கோவில் வழியாகக் காரில் வந்து, அந்த ஊர்க்கோடி நெரிசலையும் தாண்டி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். உம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. அது எனக்குத் தெரியும். கேரளாவுக்கும் ஊருக்கும் வாழ்நாள் முழுக்க நேரம் கணக்குப் பார்த்து லாரி ஓட்டிய வாப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சரி வாப்பா" என்றேன். "நான் உக்காந்துக்கிடுதேன்."

"இடது பக்கம் உக்காரு" என்றார். "திரும்பும்போது அங்கனதான் சாயும்."